மழைக்கு மறுநாள் வராத பிள்ளைகள்



மழை பெய்த மறுநாள் வரவு எடுக்கும்போதே எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது என்று ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருக்க மாட்டார்கள்.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் எப்படி வளர்ந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தான். ஒரு வீடு இருந்த பத்து பேர்ச் காணியில் இன்று மூன்று மாடி, நாலு குடும்பம். சதுப்பு நிலமெல்லாம் நிரப்பி வீடாகிவிட்டது. வடிகான் மட்டும் அதே அகலம். 2016 மே மாதம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

சபையைக் குறை சொல்வது நியாயம்தான். ஆனால் பிழை நம்மிடமும் இருக்கிறது. வடிகானுக்கு மேலே கொங்கிறீட் போட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். பிறகு துப்புரவு செய்ய ஆள் வரவில்லை என்கிறோம்.

இன்னொன்று. இங்கே பத்து வருடம் வாழ்ந்தும் நம்மில் பலருக்கு வாக்கு இன்னும் ஊரில்தான். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும் நேரத்தில்தான் வாக்காளர் இடாப்பு ஞாபகம் வருகிறது. வாடகைக்கு இருப்பவர்களின் பெயரைப் பதிய சில வீட்டுக்காரர்கள் விடுவதும் இல்லை. பதியாத குடும்பம் யாருடைய கணக்கிலும் இல்லை. வட்டார உறுப்பினர் நம்மைத் தேடி ஏன் வரவேண்டும்?

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்தச் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு கேட்பதற்கு ஆள் இருக்கிறது. எனவே இரண்டு வேலை செய்வோம்.

ஒன்று, கிராம சேவகரிடம் போய்க் குடும்பத்தைப் பதிவோம். வீட்டுக்காரர்களே, தயவுசெய்து தடுக்காதீர்கள்.

இரண்டு, எழுத்தில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. எங்கள் வடிகானைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தீர்கள், இந்த வருடம் அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று ஒரு தாளில் கேட்டால் போதும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் திட்டுவதற்கு அப்படி ஒரு கெடு இல்லை.

எழுதச் சிரமமானவர்கள் பின்னேரத்தில் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். அடுத்த மழைக்கு முன் முதல் கடிதம் போகட்டும், இன்ஷா அல்லாஹ்.