ரீகால் அறிவிப்பு வந்தாச்சு... உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அது தெரியுமா?

2025 அக்டோபர் முதல் வாரம். நாடு முழுக்க ஒரு இருமல் மருந்தின் பெயர் அடிபட்டது: கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தின் தயாரிப்பு. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மாநிலத்தில் மட்டும் பலி 20-ஐத் தாண்டியது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும், பிரேக் ஆயிலிலும் பயன்படும் ரசாயனம் அது.

தடை, கடைகளில் ரெய்டு, கைது, உரிமம் ரத்து... எல்லாமே பிரேக்கிங் நியூஸ் ஆனது. ஆனா ஒரு கேள்வி பெருசா எழவில்லை. கடையில் இருக்கிற பாட்டிலை டிரக் இன்ஸ்பெக்டர் எடுத்துக்கிட்டுப் போயிடுவார். ஏற்கெனவே வாங்கி, பாதி குடிச்சு, ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கிற பாட்டிலை யார் எடுப்பாங்க?

சிந்த்வாராவில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மிச்சமிருந்த பாட்டில்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அத்தனை குழந்தைகள் இறந்த பிறகு.

சரி, ரீகால்னா என்ன?

விற்ற பிறகு ஒரு பொருளில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், கம்பெனி தானாகவோ அரசு உத்தரவிட்டோ அதைத் திரும்பப் பெறுவதுதான் ரீகால். எப்போதும் பொருளையே வாங்கிக்கொள்வார்கள் என்றில்லை. இலவசமாகப் பழுது பார்க்கலாம், மாற்றித் தரலாம், பணம் திருப்பித் தரலாம். சில சமயம் 'உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்' என்பதோடு சரி.

மருந்துக்கு இதில் தனி வகைப்பாடு உண்டு. உயிருக்கே ஆபத்து என்றால் அது முதல் வகை ரீகால். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்படி, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெற வேண்டும், அதுவும் வாங்கியவர் கையில் இருப்பது வரைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்ட், அவரிடமிருந்து மெடிக்கல் ஷாப் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பில் இருக்கிறது, பேட்ச் நம்பர் இருக்கிறது. கடை கவுன்டரோடு அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. 'காய்ச்சலுக்கு ஒரு சிரப் குடுங்க' என்று காசு கொடுத்து வாங்கிப் போனவரின் பெயரோ போன் நம்பரோ பெரும்பாலும் எங்கேயும் பதிவாவதில்லை. ரீகால் செய்தியை அவருக்கு யார் சொல்வது?

இதை எழுதும்போது எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். மூணு சிரப் பாட்டில். ஒன்றில் மருந்து வழிந்து லேபிள் ஊறி, பேட்ச் நம்பர் இருந்த இடம் வெறும் நீலக் கறை. அட்டைப் பெட்டியை வாங்கின அன்றே குப்பையில் போட்டாச்சு. அந்த பாட்டில் ரீகால் பட்டியலில் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் சின்னதா ஒரு பழக்கம்: மருந்து வாங்கியதும் பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தெரியும்படி லேபிளை ஒரு போட்டோ. பில் கேட்டு வாங்கி அதையும் ஒரு போட்டோ. அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச், உரிம எண் எல்லாம் வரும். ஆனா ரீகால் ஆனதா என்று அது சொல்லாது.

வண்டிக்கு மட்டும் நிலைமை பரவாயில்லை

காரணம் ரொம்ப சிம்பிள். ஆர்.சி.யில் உங்க பெயர் இருக்கு. 2022 ஏப்ரலில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும், ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ரீகால் செய்தன. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி, ஏர்பேக் கன்ட்ரோலர் சந்தேகத்தில் 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றே உரிமையாளர்களிடம் சொன்னது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், செகண்ட் ஹேண்ட் வண்டியில். பெயர் மாற்றம் ஆர்.டி.ஓ.வில் நடந்தாலும் கம்பெனி சர்வீஸ் பதிவில் பழைய ஓனரின் நம்பரே இருக்கும். போன் அவருக்குப் போகும், வண்டி உங்களிடம் ஓடும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வாரன்டி முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், ரீகால் வேலை வேறு கணக்கு.

ஆன்லைனில் வாங்கிய குக்கர்?

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாயத் தரநிலைக்கு உட்படாத பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசானில் 2,265 குக்கர், ஃபிளிப்கார்ட்டில் 598. வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் உத்தரவு. இரண்டு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அபராதத் தொகை அவர்களுக்குக் கொசுக்கடிதான். ஆனா 'நாங்க வெறும் கடைத்தெரு, விற்பது வேற ஆள்' என்ற பதில் செல்லாது என்று ஆணையம் சொன்னதுதான் முக்கியம்.

இந்த மாதிரிப் பொருட்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதோடு 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அதைப் போட்டால் உரிமம் உண்மையா, இன்னும் செல்லுபடியாகுமா என்று தெரிந்துவிடும். பவர் பேங்க், சார்ஜர் என்றால் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்.

அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பொருட்களின் ரீகால் அறிவிப்புகளை அவர்களின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரே இணையதளத்தில் போடுகிறது. நம்மிடம் மருந்துக்கு ஒரு துறை, வண்டிக்கு ஒரு அமைச்சகம், உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., மீதிக்கு நுகர்வோர் ஆணையம். சாதாரண ஆள் எந்தக் கதவைத் தட்டுவார்? ஒரு கார் கம்பெனி செய்ய முடிவதை அரசு ஒரே ஒரு தேடல் பெட்டியாகச் செய்ய முடியாதா என்பது நியாயமான கேள்வி.

உங்க பொருள் பட்டியலில் இருந்தால்?

முதலில் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குப்பையில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் வேலை செய்பவர்களுக்கும் 'சும்மா வச்சுக்கங்க' என்று கொடுத்துவிடாதீர்கள். மருந்தை யாராவது ஏற்கெனவே குடித்திருந்து வாந்தி, சிறுநீர் குறைவது மாதிரி அறிகுறி இருந்தால் பாட்டிலோடு நேரே மருத்துவமனைக்கு. அந்த பாட்டில்தான் டாக்டருக்குத் துப்பு, பின்னாடி உங்களுக்கு ஆதாரம். மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது. உணவுப் பொருள் என்றால் 1800 112 100.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். 'ரீகால் ரீஃபண்ட்' என்று யாராவது போன் செய்து லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். கம்பெனி தளத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காயமோ உடல்நல பாதிப்போ ஏற்பட்டிருந்தால் பொருளின் விலையோடு விஷயம் முடிவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கால வரம்பு 2 ஆண்டு.