அறிவிப்பாளர் இல்லாத செய்திகள்

தேர்தலில் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ளலாம். பொதுவாக்கெடுப்பில் அவ்வாய்ப்பு அரிது. இரு விடைகளுள் ஒன்றில் ஒரு நாட்டின் பல்லாண்டுப் பாதை அடங்கிவிடுகிறது. ஆகவே, வாக்களிக்குமுன் மக்கள் எதைக் கேட்டார்கள், எதை நம்பினார்கள் என்பதே அங்கு முதன்மையான கேள்வியாகும்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பைக் காண்போம். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வாரந்தோறும் 35 கோடி பவுண்டு அனுப்புவதாக, விலகல் தரப்பினர் பேருந்தில் எழுதிவைத்தனர். தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தவறான எண்ணத்தைத் தருகிறது என்று புள்ளிவிவர ஆணையம் கூறியும் அவர்கள் நிறுத்தவில்லை. மறுதரப்பில் நிதியமைச்சர், விலகினால் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்றார். 2030ஆம் ஆண்டுப் பொருளாதாரம் பற்றிய ஒரு மதிப்பீட்டைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த எண் அது. எவர் பையிலிருந்தும் குறையும் தொகையன்று.

இவை ஊரறியச் சொல்லப்பட்டவை; ஊரறிய மறுக்கவும் பட்டன. ஃபேஸ்புக்கில் நிகழ்ந்ததோ வேறு. துருக்கியின் 7.6 கோடி மக்கள் ஒன்றியத்தில் சேரப்போவதாக அச்சமூட்டியவை உள்ளிட்ட விளம்பரங்கள், தேர்ந்தெடுத்த சிலரின் திரையில் மட்டும் தோன்றின. அண்டை வீட்டார் எதைப் பார்க்கிறார் என்பதை நாம் அறியோம், அறியாததை மறுப்பதெப்படி? நாடாளுமன்றக் குழு அவ்விளம்பரங்களை வெளியிட்டது 2018 ஜூலையில்தான். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து ஈராண்டுகள் கடந்துவிட்டன.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்கிறோம். இடையில் ஒருவர் யாரென்று தெரியாவிடினும் அச்செய்தி வலுவிழக்கிறது. செய்தி நமக்கு இனிக்கிறது என்பது அங்கு சான்றாகாது. இணைய விவாதத்தில் நாம் இழந்தது இந்த ஒழுக்கத்தைத்தான். நம் தரப்புக்கு உதவும் செய்தியை ஆராயாமல் பகிர்கிறோம்; எதிர்த்தரப்பின் செய்தியை மட்டும் உரைகல்லில் உரசுகிறோம்.

அயர்லாந்து வேறு வழியொன்றைக் காட்டியது. 2018இல் கருக்கலைப்பு குறித்த வாக்கெடுப்புக்கு முன், குலுக்கல் முறையில் தேர்ந்த 99 குடிமக்கள் ஒரு தலைவரின் கீழ்க் கூடி, வல்லுநர்களையும் இரு தரப்பாரையும் கேட்டு விவாதித்தனர். அவ்வாக்கெடுப்பின் முடிவு நமக்கு உடன்பாடானதன்று. எனினும், மாற்றாரின் முகம் பார்த்துக் கேட்ட அம்முறை கற்கத்தக்கது.

சட்டங்கள் வரட்டும், விளம்பரங்களுக்குக் கணக்குக் கேட்கட்டும். அதற்கு முன், பகிரும் பொத்தானை அழுத்துமுன் 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்கும் கடமை நம் ஒவ்வொருவருடையது. நாவின் சொல்லுக்குப் போலவே விரலின் செயலுக்கும் மறுமையில் விசாரணை உண்டு. அல்லாஹ் நம்மைக் காப்பானாக!