பயந்த குதிரை பழகிய குதிரை அல்ல

"யார் எஜமான் என்று முதல் நாளே குதிரைக்குக் காட்டிவிட வேண்டும்." குதிரையேற்றப் பள்ளி, பந்தய லாயம், சுற்றுலாத் தலத்தில் சவாரி விடும் இடம் என்று எங்கே போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பலர் குதிரையை உயிராக நேசிப்பவர்கள். அதற்குத் தீனி வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிட உட்காருவார்கள். நல்லவர்கள் வாயிலிருந்து வருவதாலேயே இந்த நம்பிக்கையைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் போகிறது. நான் கேட்கிறேன். அடக்கினால்தான் குதிரை பணியும், பணிந்தால்தான் பழகும் என்பது பொய். இந்தப் பொய்யின் விலையை ஒவ்வொரு நாளும் குதிரைகள் தங்கள் முதுகிலும் வாயிலும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே இதைப் பார்த்தது. நவீன ஐந்திறப் போட்டியில் அப்போது வீரர்கள் தங்கள் குதிரையைக் கொண்டுவந்ததில்லை. குலுக்கலில் எது விழுந்ததோ அதில் ஏற வேண்டியிருந்தது. பழகிக்கொள்ளத் தரப்பட்ட நேரம் 20 நிமிடம். முதலிடத்தில் இருந்த ஜெர்மனி வீராங்கனைக்கு விழுந்தது செயின்ட் பாய் என்ற குதிரை. அதற்கு முன் ஏறியவரிடமே அது தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. இப்போதும் நகரவில்லை. வீராங்கனை அழுதபடியே சவுக்கை வீசினார். வேலிக்கு வெளியே நின்ற பெண் பயிற்சியாளர் "அடி, நன்றாக அடி" என்று கத்தியதோடு நிற்காமல் தானும் முஷ்டியால் குதிரையைக் குத்தினார். பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு குதிரையேற்றமே அந்தப் போட்டியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அன்று உலகம் இரண்டு பெண்களைத் திட்டித் தீர்த்தது. எனக்குக் கோபம் அந்த 20 நிமிட விதியின் மேல்தான். முன்பின் தெரியாத ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, அவர் சொன்ன பக்கமெல்லாம் பாய்வது குதிரையின் கடமை என்று எழுதிவைத்தவர்கள் அத்தனை ஆண்டும் கூச்சமில்லாமல் இருந்தார்கள்.

எஜமான் கொள்கைக்கு அதன் ஆதரவாளர்கள் சொல்லும் பெரிய ஆதாரம் குதிரைக் கூட்டம். கூட்டத்தில் ஒரு தலைவர் உண்டு, மற்றவை அதற்கு அஞ்சி நடக்கும், ஆகவே மனிதன் அந்தத் தலைவர் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். கூட்டமாகத் திரியும் குதிரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. ஒன்றையொன்று விரட்டுவதும் காதை மடக்கி மிரட்டுவதும் பெரும்பாலும் தீனியோ தண்ணீரோ குறைவாக இருக்கும் இடத்தில் நடக்கின்றன. குழாயடியில் குடத்தை முந்தி வைப்பவரைத் தெருவுக்கே தலைவர் என்று யாரும் சொல்வதில்லை. மேய்ச்சலிலிருந்து கிளம்பும்போது இன்னது என்றில்லை, எந்தக் குதிரை வேண்டுமானாலும் முதல் அடி வைக்கிறது, மற்றவை சேர்ந்துகொள்கின்றன. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரண்டு காலில் நடக்கிற, புல் மேயாத, வேறு வாசனை வீசுகிற நம்மைக் குதிரை இன்னொரு குதிரையாக எண்ணி வரிசையில் சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

கூட்டத்தைக் கட்டிக் காப்பது அச்சமும் அல்ல. இரண்டு நட்புக் குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று, ஒன்றன் பிடரி முடியும் இடத்தை மற்றொன்று பல்லால் மெல்லக் கோதிவிடும். பிரான்சில் கமார்க் குதிரைகளை ஆராய்ந்த கிளாடியா ஃபே 1993இல் வெளியிட்ட ஆய்வில், அதே இடத்தை மனிதக் கை சொறிந்துவிட்டாலும் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை அளந்து காட்டினார். நட்புக்கான கதவு எங்கே இருக்கிறது என்று குதிரை தன் உடம்பிலேயே காட்டிவிட்டது. நாமோ அதன் வாயில் இரும்பை மாட்டிவிட்டு அங்கே நுழையப் பார்க்கிறோம்.

அடுத்தது தோல். "குதிரைத் தோலுக்கு அடியெல்லாம் உறைக்காது" என்று சவுக்கு பிடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும் உயிரைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனிதத் தோலையும் குதிரையின் பின்புறத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். வலியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கிற மேல்தோலின் தடிமனிலும், அந்த நுனிகளின் அடர்த்தியிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குதிரையின் தோலில் தடிமனான பகுதி அந்த நரம்புகளுக்குக் கீழே இருக்கிறது. அதனால் அடிபடும் இடத்தில் அது வலியைக் குறைக்காது.

'பிடிவாதம்' என்ற குற்றச்சாட்டு இன்னும் கொடுமையானது. பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன், முதுகில் ஆள் இருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்தார். காதைப் பின்னுக்கு மடக்கி வைத்திருப்பது, வாயைத் திறந்தபடி ஓடுவது, வாலைச் சுழற்றிக்கொண்டே இருப்பது, திடீரென்று நின்றுவிடுவது போன்றவை. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு. நம் லாயங்களில் இந்தப் பட்டியல் முழுவதுக்கும் ஒரே பெயர், கெட்ட குணம். மருந்தும் ஒன்றுதான். முதுகு வலியால் நின்ற குதிரையை மறுபடி நடக்கும்வரை அடிக்கிறார்கள். நடந்ததும், "பார்த்தீர்களா, அடித்தால்தான் கேட்கிறது" என்கிறார்கள்.

சவுக்கைக் கீழே வைத்துவிட்ட ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போன ஜான் ரேரி, 1858இல் யாரும் நெருங்க முடியாத குரூசர் என்ற குதிரையை வசப்படுத்திப் பெரும்புகழ் பெற்றார்; விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் தன் வித்தையைச் செய்து காட்டினார். அன்பே வழி என்று அவர் பேசினார், எழுதினார். அவர் முறையோ குதிரையின் முன்காலை மடக்கி வாரால் கட்டி, அது போராடி ஓய்ந்து தரையில் சாயும்வரை விடாமல் நிற்பது. சாய்ந்தபின் தடவிக்கொடுப்பார். வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த உயிர் தரையில் சாய்க்கப்பட்டு அசையாமல் கிடந்தால், அது போராட்டத்தைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதன் மேல் தடவிய கையை அன்பு என்று கைதட்டியது கூட்டம்.

நம் காலத்தில் இதன் வாரிசு வட்டக்களம். மான்டி ராபர்ட்ஸ் புகழ்பெறச் செய்த ஜாயின்-அப் முறையில், வேலியிட்ட வட்டத்துக்குள் குதிரையை ஓடவிட்டு விரட்டுவார்கள். அது தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, உள்ளே திரும்பியதும் விரட்டுவதை நிறுத்தி முதுகைக் காட்டி நிற்பார்கள். குதிரை பின்னால் வந்து நிற்கும். பார்ப்பவர் கண் கலங்கும்; குதிரை தன் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று விளக்கம் வரும். 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதனுக்குப் பதில் தொலைவிலிருந்து இயக்கும் பொம்மைக் காரை விட்டுப் பார்த்தார்கள். கார் விரட்டியது, குதிரை அதை நோக்கித் திரும்பியதும் விரட்டலை நிறுத்தியது. குதிரைகள் நின்று, திரும்பி, காருக்கு முகம் காட்டக் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரை எந்தக் குதிரையும் தலைவராக ஏற்றிருக்காது. திரும்பினால் தொல்லை நிற்கும் என்பதை மட்டும் அவை புரிந்துகொண்டன. வேலிக்குள் ஓட ஓட விரட்டிவிட்டு, களைத்து வந்து நிற்பதை நட்பு என்று சொல்வது குதிரைக்கும் பொய், பார்க்க வந்தவருக்கும் பொய்.

அப்படியானால் எது நட்பு? விலகிப் போக வழி இருந்தும் விலகாமல் நிற்பது. இதற்கு மேல் எனக்கு வேறு அளவுகோல் தெரியாது. இந்த அளவுகோலுக்கு நிற்பது விளையாட்டு ஒன்றுதான்.

குட்டிகள் விளையாடுவதைப் பாருங்கள். ஒன்று துரத்தும், இன்னொன்று ஓடும். சற்று நேரத்தில் துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும். கடிப்பதுபோல வாயைக் கொண்டுபோகும், கடிக்காது. பலமுள்ளது தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் மற்றது போய்விடும். ஆட்டம் அத்தோடு முடிந்தது. கட்டாயப்படுத்தினால் விளையாட்டே இல்லாமல் போகிறது.

மனிதன் இதில் சேர்வது எப்படி? அமெரிக்கப் பயிற்சியாளர் கேரொலின் ரெஸ்னிக் முதலில் சொல்லித்தருவது, குதிரை மேயும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு எதையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது. குதிரை வந்து முகரும், போகும், மறுபடி வரும். பிறகு சேர்ந்து நடப்பது. அது நின்றால் நிற்பது, அது திரும்பினால் திரும்புவது. பெரிய பந்து ஒன்றை உருட்டிவிட்டுக் காத்திருக்கலாம். நீட்டிய குச்சியின் நுனியை மூக்கால் தொட்டால் ஒரு துண்டு கேரட் என்று தொடங்கி, அந்தக் குச்சியைப் பின்தொடர்ந்தே வண்டியில் ஏறவும், குளம்பைத் தூக்கிக் காட்டவும், ஊசி போடும்போது அசையாமல் நிற்கவும் கற்றுக்கொள்ளும். இத்தனையும் கயிறு இல்லாமல் நடக்கும். பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் கரோல் சான்கேயும் மார்ட்டின் ஹவுஸ்பெர்கரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டப் பரிசோடு பயின்ற இளங்குதிரைகள் வேகமாகக் கற்றதோடு, மாதங்கள் கழித்தும் மனிதரைத் தேடி வந்தன.

நார்வேயில் நடந்ததை இன்னும் அதிகம் பேர் அறிய வேண்டும். அங்கே ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று குறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று போர்வை போடு, ஒன்று போர்வையை எடு, ஒன்று இருப்பது போலவே இருக்கட்டும். குறி உள்ள பலகையை மூக்கால் தொட்டால் அப்படியே செய்வார்கள். எல்லாக் குதிரைகளும் கற்றன. குளிரும் மழையுமான நாளில் போர்வை கேட்டன. வெயில் அடித்த நாளில் எடுக்கச் சொன்னன. 2016இல் இந்த ஆய்வு வெளியானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குதிரையின் முதுகில் ஏறி உலகைச் சுற்றிய மனிதன், "உனக்குக் குளிருகிறதா?" என்று அதனிடமே கேட்டு, வந்த பதிலை மதித்து நடக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

"நானூறு, ஐந்நூறு கிலோ மிருகத்தோடு விளையாட்டா? மிதித்துவிட்டால்?" என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் எல்லை வகுப்பதும் அடக்குவதும் ஒன்றல்ல. தலையை நேராக வைத்திருக்கும்போது மட்டும் தின்பண்டம் கொடுத்தால், சட்டைப்பையை முட்டும் பழக்கம் குதிரைக்கு வராது. எதிரே நின்று துரத்திப் பிடிக்கும் ஆட்டம் ஆடக் கூடாது; குதிரை முன்காலைத் தூக்குமளவு உற்சாகத்தை ஏற்றிவிடக் கூடாது; வேகம் கூடினால் நடுவே வேலி இருக்க வேண்டும். உண்மையான ஆபத்து அச்சத்தில்தான் இருக்கிறது. குதிரையின் தற்காப்பு ஓட்டம்; ஓட வழியில்லாதபோதுதான் உதைக்கும், கடிக்கும். அதைப் பயமுறுத்தி வேலை வாங்குகிறவர் தன் கால்களுக்கு நடுவிலேயே அந்த ஆபத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

குரல் உயர்த்தவும் தேவையில்லை. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் கிளெவர் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907இல் வெளியிட்ட நூலின்படி அதற்குக் கணக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டவர் தன்னையறியாமல் தலையை மயிரிழை அசைத்ததைப் படித்து, குளம்பு தட்டுவதைச் சரியான எண்ணில் நிறுத்தியிருந்தது. குதிரை ஏமாற்றிவிட்டது என்று அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மனிதன் தானே அறியாத அசைவைப் படிக்கிற உயிரிடம் சவுக்கால் பேசுவானேன் என்பதுதான் அதில் கேட்க வேண்டிய கேள்வி.

"போர்க்குதிரைகளை அடக்கித்தானே பேரரசுகள் எழுந்தன" என்பதும் பழைய வாதம். கிரேக்கப் படைத் தலைவர் செனபன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குதிரையிடம் கோபத்தோடு நெருங்கக் கூடாது என்றும், கட்டாயத்தால் செய்ய வைப்பதில் குதிரைக்குப் புரிதலும் இராது, பார்ப்பவருக்கு அழகும் இராது என்றும் எழுதினார். அலெக்சாந்தர் கதையையே எடுத்துக்கொள்வோம். புசிபலஸ் என்ற குதிரையை 'அடக்கிய' சிறுவன் என்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வதில் அடக்குதலே இல்லை. குதிரை தன் நிழலைக் கண்டு மிரள்வதைச் சிறுவன் கவனித்தான், அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான், தடவிக்கொடுத்தபடி கூடவே கொஞ்ச தூரம் ஓடினான், பிறகுதான் ஏறினான். மற்றவர்கள் குதிரையின் திமிரைப் பார்த்த இடத்தில் அவன் அதன் பயத்தைப் பார்த்தான்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. பட்டினப்பாலை காலத்திலேயே குதிரை நமக்குக் கடல்வழி வந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் வாங்கப்படுவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவை மடிந்துபோவதையும் எழுதிவைத்தார். இன்று மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். என் சண்டை அவர்களோடு அல்ல. கட்டணம் வாங்கிக் குதிரையேற்றம் சொல்லித்தரும் பள்ளிகளோடுதான். அங்கே சேரும் பிள்ளைக்கு முதல் நாளே கடிவாளத்தை இழுக்கவும் குதிகாலால் குத்தவும் சொல்லித்தருகிறார்கள். காது எந்தப் பக்கம் திரும்பினால் என்ன பொருள் என்று சொல்லித்தருவதில்லை.

இந்தப் பள்ளிகளில் முதல் மாதம் சேணமே வேண்டாம். பிள்ளை குதிரையின் பிடரியடியைச் சொறியட்டும், கூட நடக்கட்டும், பந்து உருட்டட்டும், அது விலகிப் போனால் போக விடட்டும். பந்தயக் களமும் மாறலாம்: பந்தயங்களில் சவுக்கைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நார்வே 1982லேயே கொண்டுவந்தது. அங்கே பந்தயம் நின்றுவிடவில்லை. கிண்டியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் குதிரை ஓட்டுகிறவர்கள் அந்த நாட்டு விதிகளை வரவழைத்துப் படிக்க இன்றுகூட யாரும் தடை சொல்லப்போவதில்லை.