சொந்த சர்வரும் ஏட்டுச் சுரைக்காயும்

2023 டிசம்பரில் எவர்நோட் இலவசக் கணக்குக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டது. மொத்தம் 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம். அதற்கு மேல் ஏற்கனவே எழுதி வைத்தவர்கள் படித்துக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம், புதிதாக எழுத மட்டும் முடியாது. அதற்குச் சுமார் ஒரு வருடம் முன்னால்தான் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலியக் கம்பெனி எவர்நோட்டை வாங்கியிருந்தது. உடனே கணினி ஆர்வலர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்: "அடுத்தவன் திண்ணையில படுத்தா இப்படித்தான். சொந்தமா சர்வர் போடுங்க. டாக்கர் இருக்கு, ரெண்டே வரி கட்டளை, முடிஞ்சுது!"

கோபம் நியாயமானதுதான். கூகுள் நோட்புக் 2006ல் வந்து, 2009ல் கைவிடப்பட்டு, 2012ல் மூடப்பட்ட கதையும் இதேதான். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த மருந்துதான் தப்பு.

முதலில் அந்த "ரெண்டே வரி". கன்டெய்னர் என்பது டிபன் கேரியர் மாதிரி. ஒரு மென்பொருளுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி மூடித் தருவது. எந்தக் கணினியில் திறந்தாலும் அதே சாப்பாடு. அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அது தூக்கிப் போடுவதற்காகவே செய்யப்பட்டது. புதுப் பதிப்பு வந்தால் பழைய கன்டெய்னரை வீசிவிட்டுப் புதியதை ஓட்ட வேண்டும். எனவே எழுதிய குறிப்புகள் அதற்குள் இருக்கக்கூடாது, வெளியே 'வால்யூம்' என்ற தனி இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வரியைத்தான் உபதேசிகள் வேகமாகத் தாண்டுகிறார்கள்.

ஜாப்ளின் சர்வரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே கட்டளையில் எழுந்து நிற்கும். ஆனால் அப்படி ஓடுவது கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட், சோதனைக்கு மட்டும் என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஒழுங்காக ஓட்ட போஸ்ட்கிரெஸ் வேண்டும், அது இன்னொரு கன்டெய்னர். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு விடும். 16ல் எழுதிய தரவை 17 அப்படியே திறக்காது. எண்ணைக் குறிப்பிடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதி வைத்தவர் ஒருநாள் அப்டேட் செய்வார், தரவுத்தளம் எழுந்திருக்க மறுக்கும். அந்த நாள் பெரும்பாலும் செமஸ்டருக்கு முந்தின நாளாக இருக்கும் :-) 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு ஒரு சின்ன 'வி' சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். கம்போஸ் கோப்பில் பெயர் வைத்து உருவாக்கிய வால்யூமும் சேர்ந்தே போய்விடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாப்ளின் சர்வரின் ஆரம்பக் கடவுச்சொல் 'அட்மின்'. வாடகை சர்வரில் தீச்சுவர் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: டாக்கர் திறந்துவிடும் போர்ட்டுகள் உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ விதிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும்.

சரி, வாடகை வேண்டாம், வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம் என்றால், பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். கல்லூரியிலிருந்து அந்தக் கணினியை எட்ட சுரங்கப்பாதை வேண்டும். பலர் கிளவுட்ஃபிளேர் சுரங்கம் போடுகிறார்கள். அதன் வலைச் சுரங்கத்தில் மறையாக்கம் அவிழ்வது அந்தக் கம்பெனியின் வாசலில்! கம்பெனியே வேண்டாம் என்று கிளம்பியவர் இன்னொரு கம்பெனியின் வாசல் வழியாகத்தான் தன் வீட்டுக்குள் போகிறார். ஜாப்ளினில் முழு மறையாக்க வசதி உண்டு, ஆனால் பயனரே அதை முடுக்கிவிட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜாப்ளினில் குறிப்புகள் முழுசாகப் போனிலும் மடிக்கணினியிலும் இருக்கின்றன. சர்வர் வெறும் தபால்காரர். தபால்காரரை வீட்டில் குடிவைத்துச் சோறு போடுவதற்குப் பெயர் சுதந்திரமா? போதாததற்கு, சர்வரில் ஒரு நகல் இருக்கிறதே என்ற தெம்பு வேறு. ஒத்திசைவு என்பது காப்பு நகல் அல்ல. ஒரு சாதனத்தில் அழித்தால் அந்த அழிவும் எல்லாச் சாதனத்துக்கும் போய்ச் சேரும். குப்பைத்தொட்டி கொஞ்ச காலம் காப்பாற்றும், அவ்வளவுதான். மீமோஸ், புக்ஸ்டாக் மாதிரியானவற்றில் குறிப்பு வசிப்பதே சர்வரில்தான். அங்கே வால்யூம் போனால் மூன்று வருடப் பாடமும் போச்சு.

காமர்ஸ் முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தருகிறார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. சந்தா மிச்சம் என்பதை ஒரு பக்கம் பெருமையாக எழுதுகிறவர்கள் மறுபக்கத்தைக் காலியாக விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்டேட்டுகள், காலாவதியான சான்றிதழ், மின்வெட்டில் நின்றுபோன கணினி, இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது? அடிப்படை தெரியாத மாணவனை இதில் இழுத்துவிடுவது உதவி ஆகாது. (லினக்ஸ் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறேன் என்பவர்களை இதில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு சர்வர் உடைவதே பாடம்.)

இத்தனைக்கும் ஜாப்ளினுக்கு சர்வர் கட்டாயமே இல்லை. ட்ராப்பாக்ஸ், வெப்டேவ், ஏன் ஒரு சாதாரணக் கோப்புறையோடும் அது ஒத்திசையும். வாரம் ஒருமுறை எல்லாக் குறிப்பையும் மார்க்டவுன் கோப்புகளாக வெளியே எடுத்துப் பென்டிரைவில் போட்டால், ஜாப்ளினே நாளை காணாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எவர்நோட் அடித்த அடிக்கு மருந்து இந்த வெற்று எழுத்துக் கோப்புதான்.

அப்படியும் சர்வர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு சவால். போஸ்ட்கிரெஸிலிருந்து ஒரு டம்ப் எடுத்து, நண்பனின் மடிக்கணினியில் புதிதாக கன்டெய்னர்களை எழுப்பி, அந்த டம்பை ஏற்ற வேண்டும். பிறகு போன வருடத்துக் குறிப்பு ஒன்றை, அதில் ஒட்டிய படத்தோடு, திறந்து காட்ட வேண்டும். இதை ஒருமுறையாவது செய்து பார்த்தவர்கள் மட்டும் அடுத்தவருக்கு "ரெண்டே வரி" என்று சொல்லட்டும்.