பழக நேரம் கொடுங்கள்



மதுரை சிம்மக்கல்லில் இருந்து ஏ.வி. பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி. அதுதான் இன்றைய ராஜாஜி மருத்துவமனை. அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாக இருந்த காலம் தொட்டு அங்கே கண் மருத்துவம் பார்த்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இது மதுரைக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அந்த மருத்துவமனையைத் தாங்கி நிற்கும் பெண்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். கண்ணின் அமைப்பில் தொடங்கி, நோயாளியிடம் பேசும் விதம் வரை எல்லாமே பாடம். இப்படிப் பழகியவர்கள்தான் சிற்றூர்களில் உள்ள கண் பரிசோதனை மையங்களை நடத்துகிறார்கள். 2004-ல் அம்பாசமுத்திரத்தில் தொடங்கிய இந்த மையங்கள் இப்போது நூற்றைத் தாண்டிவிட்டன. அங்கே டாக்டர் இருக்கமாட்டார். வந்தவரின் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிவது அந்தப் பெண்தான். தூரத்து மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நோயாளியோடு வீடியோவில் பேசி முடிவு சொல்கிறார்.

ஆரம்ப நாட்களில் தேனிப் பக்கத்து மையங்களுக்கு இணைய வசதி போதவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று வந்து, நெடுந்தூர வைஃபை அமைத்துக் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் அந்த ஆன்டெனாக்களைப் பற்றி எழுதின. என்னைக் கேட்டால், ஆன்டெனாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டாக்டர் எதைத் தேடுவார் என்பது அவருக்குத் தெரியும். வேலை கைவந்த பிறகு கம்ப்யூட்டர் வந்ததால், அது அவருக்கு இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

பல மருத்துவமனைகளில் கம்ப்யூட்டர் வரும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு ஹாலில் அரைநாள் வகுப்பு, சுவரில் ஓடும் படங்கள், கையில் ஒரு பாஸ்வேர்டு. மறுநாள் காலையில் கவுன்ட்டர் முன்னால் நீண்ட வரிசை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பயத்தில் நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார் செவிலியர். வேலை குறைக்க வந்தது இரட்டிப்பாகிவிடுகிறது.

நம் கிராம சுகாதார செவிலியர்களை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணிகளின் விவரம் அரசின் பதிவுத் தளமான பிக்மியில் ஏறியாக வேண்டும். அதில் கிடைக்கும் எண் இருந்தால்தான் அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் பார்க்கும் பிரஷரும் சுகரும் பதிவாக வேண்டும். சிக்னல் கிடைக்காத தெருவிலும் வேலை நிற்காது. ஓர் எண் மாறிப் பதிவானால் அலையப்போவது ஏதோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. கூட்டம் குறைந்த மதிய நேரத்தில், நன்றாகப் பழகிய சக செவிலியரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். தப்பாகத் தட்டினாலும் யாருக்கும் பாதகம் வராத மாதிரிப் பதிவுகளில் கை பழகட்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பர் இருக்கட்டும். கம்ப்யூட்டர் சரியாக ஓடத் தொடங்கியதும் பழைய நோட்டை எடுத்துவிடுங்கள். திரையில் எதையாவது மாற்றும்முன், தினமும் அதைத் தொடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதெல்லாம் பயிற்சிக்கு வெளியே உள்ள சலுகைகள் அல்ல, இதுதான் பயிற்சி.

வரிசையில் நிற்கும் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பழைய சீட்டையும் பதிவு எண்ணையும் கையோடு கொண்டுபோனால் தேடும் நேரம் மிச்சம். புதிதாகத் தட்டச்சு பழகும் விரல்களை அவசரப்படுத்தாமல் இருந்தால் பிழையும் குறையும்.

நீங்கள் செவிலியரா, மருந்தாளுநரா, லேப் ஊழியரா? உங்களுக்குக் கம்ப்யூட்டரை யார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். நன்றாக அமைந்த பயிற்சியைப் பற்றி எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்தவர்களுக்கும் அது வழிகாட்டும். தேர்ந்தெடுத்த கடிதங்கள் அடுத்த இதழில்.

அன்புடன்,
ஆசிரியர்