அந்தக் கைபிடியில் இருந்தது ஊத்தை இல்லை

போன மாதம் எங்கட பட்ச் குறூப்பில் ஒரு படம் வந்தது. ரெண்டு படத்தைப் பக்கத்தில பக்கத்தில ஒட்டியிருந்தது. இடப்பக்கம், மஞ்சளேறி, மயிர் பாதி கொட்டின பழைய சேவிங் பிறஷ். வலப்பக்கம் அதே பிறஷ், புது மயிர்க்குஞ்சத்தோட, கண்ணாடி மாதிரி மினுங்குது. கீழே "அம்மப்பாவின்ர கை பட்டது, பரம்பரைச் சொத்து" எண்டு எழுதியிருந்தான். கன பேர் இதயம் போட்டிருந்தவை. நானும் போட்டன். பிறகு எடுத்துப்போட்டன். ஏன் எடுத்தனி எண்டு அவன் கேட்டான். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பழைய பிறஷ் திருத்துறது வீண்வேலை எண்டு சொல்ல நான் வரேல்லை. நானே மூண்டு பிறஷ் திருத்தியிருக்கிறன். பரீட்சைக்கு முதல் கிழமை மனம் ஒரு இடத்தில நிக்க வேற வழி எனக்குத் தெரியாது. வீசிற சாமானைத் திரும்பப் பாவிக்கிறது நல்ல விசயம்தான். என்ர பிரச்சினை "புதுப்பிச்சன்" எண்ட சொல்லோட.

யூடியூப்பில் வெள்ளைக்காரர் செய்யிறதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் பழகினம். பழைய மயிரை அடியோட வெட்டுறது. குழிக்குள்ள மிஞ்சினதைத் துளைச்சு எடுக்கிறது. கைபிடியை 400 சான்ட் பேப்பரில துவங்கி 2000 வரை உரஞ்சி பொலிஷ் போடுறது. பிறகு சீனாவிலயிருந்து வாற பேட்ஜர் மயிர்க்குஞ்சத்தையோ சிந்தெட்டிக் குஞ்சத்தையோ எபொக்சியால ஒட்டுறது. மயிர் போச்சு, மேல்தோல் போச்சு, எழுத்துப் போச்சு. பழசெண்டு மிச்சம் என்ன இருக்கு? உருவம் மட்டும்தான்.

கற்றலின் எண்ட பழைய பிளாஸ்டிக்கில் செய்த கைபிடிகளைப் பாருங்கோ. வெள்ளையாப் பிறந்தது காத்தும் வெளிச்சமும் பட்டுப் பட்டு, பத்துப் பத்து வருசமா வெண்ணெய் உருகின நிறத்துக்கு வரும். அது அந்தப் பொருளின்ர வயசு. சிலர் அந்த நிறத்துக்காகவே தேடி வாங்குவினம். மிச்சப்பேர் அதை ஊத்தை எண்டு உரஞ்சி, வெள்ளையைக் காட்டிப் பெருமைப்படுவினம்.

எழுத்துக்கும் இதே கதிதான். பழைய அமெரிக்கப் பிறஷ் கனக்கவற்றின்ர கழுத்தில் "கிருமிநீக்கப்பட்டது" எண்டு ஆங்கிலத்தில் பொறிச்சிருக்கும். சும்மா விளம்பரம் எண்டு நினைச்சு அழிக்கிறவையும் இருக்கினம். அதுக்குப் பின்னால சாவு இருக்கு. முதலாம் உலகப்போரில் வழமையான மயிர் வியாபாரம் குழம்பிப்போக, இறக்குமதிக் குதிரைமயிரை பேட்ஜர் மயிர் மாதிரிக் காட்டி மலிவுப் பிறஷ் செய்து வித்தவை. சிலது ஒழுங்காக் கிருமி நீக்காதது. சவரம் செய்த படையினருக்கும் பொதுசனத்துக்கும் அந்த்ராக்ஸ் தொத்தி ஆக்கள் செத்தினம். 1920இல் பிரித்தானியா ஜப்பான் பிறஷ்களின்ர இறக்குமதியையே தடை செய்தது. அந்தப் பயம்தான் கைபிடியில் ஒரு வரியா நிக்குது. நீங்கள் அதை 400 பேப்பரால உரஞ்சுறியள்.

இனி எங்கட ஊருக்கு வாறன். என்ர அப்பப்பா சவரத் தொழில் செய்தவர். சலூன் வைக்க முதல் வீடு வீடாப் போனவர். பெரிய வீடுகளில் வீட்டுக்காரருக்கெண்டு தனிப் பிறஷ், தனிக் கிண்ணம் இருக்கும். மற்ற ஆக்களுக்குப் பட்டது தங்களுக்குப் படக்கூடாதாம். ஆனா அந்தப் பிறஷைப் பிடிச்சு நுரை அடிச்சது ஆர்? வீட்டுக்காரர் கதிரையில முகத்தை நிமித்திக்கொண்டு இருப்பார். பிறஷ் இருந்தது அப்பப்பாவின்ர கையில. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையளும் அவரை "நீ" எண்டுதான் கூப்பிடுங்கள். தண்ணி கேட்டா சிரட்டையில வரும்.

மச்சான், உன்ர அம்மப்பாவுக்கு வீட்டுக்கு வந்துதான் சவரம் செய்தவை எண்டு நீயேதான் முதலாம் வருசத்தில பெருமையாச் சொன்னனி. அப்ப அந்தக் கைபிடியில தேய்ஞ்சிருந்த இடம் ஆற்ற பெருவிரல்? நீ உரஞ்சினது உன்ர அம்மப்பாவின்ர கைத்தடம் இல்லை.

"எல்லாத்துக்கையும் சாதியை இழுக்கிறாய்" எண்டு சொல்லப்போறியள். நான் இழுக்கேல்லை, அது முதலே அந்தக் கைபிடியில இருந்தது. என்ர பக்கத்தையும் நான் மினுக்கிக் காட்டேல்லை. அப்பப்பா சலூன் திறந்த காலத்தில, தங்களுக்குக் கீழ எண்டு ஊர் வைச்சிருந்த சனத்துக்கு அங்க முடி வெட்டுறேல்லை. வெட்டினா மற்றவை வரமாட்டினம் எண்ட பயம். பயம்தான், ஆனா கதவை மூடினது அவர்தான். அப்பா இதை எனக்குச் சொல்ல இருபது வருசம் எடுத்தது.

சுத்தம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எங்க, எப்ப செய்ததெண்டு தெரியாத பழைய மயிரை முகத்தில வைக்காதேங்கோ. குஞ்சத்தை மாத்துங்கோ. சவுக்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டுக் கழுவுங்கோ. வெடிப்பிருந்தா ஒட்டுங்கோ. சான்ட் பேப்பரை மட்டும் கீழ வையுங்கோ. தேய்ஞ்ச இடம் தேய்ஞ்சபடி இருக்கட்டும். படம் போடேக்க, ஆற்ற வீட்டில இருந்தது எண்டதோட ஆற்ற கையில இருந்தது எண்டும் எழுதுங்கோ.

1995 இடப்பெயர்வில் அப்பப்பா வீட்டிலயிருந்து தூக்கிக்கொண்டு போனது சவரப் பெட்டியைத்தான். அதுக்குள்ள இருந்த பிறஷ் இப்ப என்ர மேசையில இருக்கு. மலிவான மரக் கைபிடி, எந்தக் கொம்பனியின்ர பெயரும் இல்லை. ஒரு பக்கம் பெருவிரல் அளவுக்குப் பள்ளம். என்ர பெருவிரல் அதுக்குள்ள சரியா இருக்காது, அவருக்குப் பெரிய கை. நான் அதைக் கழுவினதோட விட்டிட்டன்.

படம் போட்டவனிட்டயும் ஒண்டுதான் கேட்டனான். உங்கட வீட்டுக்கு வந்து சவரம் செய்தவரின்ர பெயர் என்ன? அம்மம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டவன். கேட்டிருக்கிறான். "அவன் வருவான், போவான், பெயர் ஆருக்குத் தெரியும்" எண்டாவாம். இப்ப பக்கத்து வீட்டுத் தாத்தாவிட்டக் கேக்கப் போயிருக்கிறான்.