சதுரத்துக்கு ஃபார்முலா இருக்கா?
கோளத்தோட கெபாசிட்டன்ஸ் கேட்டா தூக்கத்துலகூட ஒப்பிச்சுடுவீங்க. சதுரத் தகட்டுக்கு? முழிக்காதீங்க பாஸ்... நேரடி ஃபார்முலா இதுவரை கிடையாது!

மேக்ஸ்வெல் என்ன செஞ்சார் தெரியுமா? தகட்டை 36 குட்டிச் சதுரங்களாப் பிரிச்சார். எல்லாத்துலயும் மின்னழுத்தம் ஒண்ணுதான். சார்ஜ்தான் வேற வேற. சதுரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிங்கறதால, 36 சமன்பாடு ஆறா சுருங்கிடுச்சு. 1879-ல் வெளியான அந்தக் கணக்குக்கும் இன்னிக்கு கம்ப்யூட்டர் சொல்ற விடைக்கும் 2 சதவிகிதம்கூட வித்தியாசமில்லை!

நீங்க 3,600 துண்டு போடலாம். ஓரத்துலயும் மூலையிலயும் சார்ஜ் குவியும். அங்கே இன்னும் பொடிசா வெட்டுங்க. ஒரு துண்டு தன் மேலயே உண்டாக்கற மின்னழுத்தத்துக்கு மட்டும் தூரம் பூஜ்யம்னு போட்டுடாதீங்க... புரோகிராம் படுத்துடும். அதைத் தனியா கணக்குப் போடணும்.

ஃபார்முலா இல்லைங்கறது, விடை இல்லைனு அர்த்தமில்லை மக்களே!